என் அண்ணன் தவிர

1

2018 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, மதிய உணவு இடைவேளை. நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், அச்சுப்பொறிக்கு அடுத்த மேசையிலிருந்த கணினியில், ‘உரக்க’ என்ற மென்பொருளின் உரிமக் கோப்பில் மூன்று சொற்கள் சேர்க்கப்பட்டன: என் அண்ணன் தவிர.

இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. நான் வேலை செய்யும் வார இதழின் ஆசிரியர், மென்பொருள் உரிமங்களின் வகைகளைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார். “கம்ப்யூட்டர்ல எதைப் போட்டாலும் ‘சம்மதம்’னு ஒரு பட்டன் வருதுல்ல? எல்லாரும் படிக்காம அமுக்கறோம். அதுல என்னதான் இருக்குன்னு எழுதுங்க. ஒரு அட்டவணை போட்டுடுங்க, அஞ்சு கட்டம் இருந்தா போதும்” என்றார்.

அட்டவணை தயாராகத்தான் இருக்கிறது. அதில் அடங்காமல் வெளியே நின்றுவிட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. கைவிட்டவற்றில் இரண்டை அப்படியே இங்கே வைக்கிறேன்.

‘மனிதன் எதையாவது உருவாக்கிய நாள் முதலாக, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும்—’

(இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே இரண்டாவது வரியில் மூடிவிடுவேன்.)

‘அவள் அந்த மூன்று சொற்களைத் தட்டச்சு செய்தபோது அவளுடைய விரல்கள் நடுங்கின. ஜன்னலுக்கு வெளியே மழை—’

(மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. விரல்கள் நடுங்கவில்லை என்று பின்னால் ஒரு சாட்சி சொல்லப்போகிறார். செய்தியாளராக இத்தனை வருடம் இருந்துவிட்டு, கதை என்றதும் முதல் வேலையாக மழையைக் கூப்பிட்டிருக்கிறேன்.)

எனவே, எனக்குத் தெரியவந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

3

பார்வை குறைந்தவர்களுக்கான வாசிப்பு நிலையம் அது. பழைய தொலைபேசி அலுவலகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேசைகள் எல்லாம் சுவரோரம். நாற்காலிகள் எதுவரை பின்னால் வரலாம் என்று தரையில் தடிமனான மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். பட்டையைத் தாண்டி நாற்காலியை நகர்த்தினால் பொறுப்பாளர் அம்மாவிடம் பாட்டு வாங்க வேண்டும். நானும் வாங்கினேன்.

நிலையத்தின் வரவு செலவு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்ப்பவர் ஒரு வக்கீல். உரிமங்களைப் பற்றிப் பேச அவரிடம்தான் போயிருந்தேன். நான் உட்கார்ந்ததும், என்னை வைத்துக்கொண்டே அவரும் பொறுப்பாளர் அம்மாவும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

“நீங்களே சொல்லுங்க,” என்று பொறுப்பாளர் அம்மா என் பக்கம் திரும்பினார். “உரக்கனு ஒரு சாஃப்ட்வேர். பேப்பரைக் கேமரா முன்னாடி காட்டினா சத்தமா படிக்குது. மருந்து அட்டையில இருக்கற பொடி எழுத்தைக்கூட விடறதில்ல. போன மாசம் ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரைனு நெனச்சு தூக்க மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து இதே மேசையில சாஞ்சுட்டாரு. எல்லா மெஷின்லயும் அதைப் போட்டுக் குடுத்தா எனக்கு நிம்மதி. ஓசியில கெடைக்குது. சார் விட மாட்டேங்கறாரு.”

“ஓசிதான்மா. ‘யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள்’னு அழகா ஆரம்பிக்குது. அப்புறம் ‘என் அண்ணன் தவிர’ன்னு முடியுது. யாரு அந்த அண்ணன்? பேர் இல்ல, ஊர் இல்ல. நாளைக்கு அவரே கண்ணு மங்கி நம்ம வாசல்ல வந்து நிப்பாரு. நீங்க மட்டும் வெளிய இருங்கன்னு சொல்வீங்களா?”

“யாரோ விளையாட்டா எழுதினது சார்.”

“கோர்ட்டுல விளையாட்டுனு தனிப் பிரிவு கெடையாதும்மா. நமக்கு நிதி குடுக்கறவங்க ஒவ்வொரு சாஃப்ட்வேரும் எந்த வகை லைசென்ஸ்னு கேக்கறாங்க. இதை எந்த வகையில சேக்கறது? அண்ணன் வகையா? நானே ரெண்டு பேருக்கு அண்ணன். எனக்கே பயமா இருக்கு.”

எழுதியவரைக் கேட்டு அந்த வரியை எடுக்கச் சொல்லலாமே என்றேன்.

“இறந்துட்டாங்க. வேலை பாத்துக்கிட்டே இருக்கும்போது மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சாம். சின்ன வயசு. கல்யாணம் ஆகல. அப்பா அம்மா முன்னாடியே போயிட்டாங்க. கூடப் பொறந்தது ஒரே ஒருத்தர்.” வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதினவங்க போயிட்டா பதிப்புரிமை, வீடு வாசல் மாதிரி, வாரிசுக்குப் போகும். இப்ப உரக்கவோட சொந்தக்காரர் யாருங்கறீங்க?”

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் சொல்லட்டும் என்று இருந்தேன்.

“அதே அண்ணன்தான்.”*

உரிமம் என்பது சொந்தக்காரர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அனுமதி. சொந்தக்காரருக்கு அது தேவையில்லை. எந்த மனிதர் இதைத் தொடக்கூடாது என்று எழுதி வைக்கப்பட்டதோ, அந்த மனிதர் இப்போது யாருடைய அனுமதியும் இல்லாமல் இதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

“அப்ப அவர் அந்த வரியை எடுத்துட்டா முடிஞ்சுது.”

“அதைத்தான் கேட்டோம்,” என்றார் பொறுப்பாளர் அம்மா. “மாட்டேங்கறாரு.”

* அலுவலகக் கணினியில் எழுதப்பட்டதால் அது அந்த நிறுவனத்துக்குத்தானே சொந்தம் என்று ஒரு வாசகர் நிச்சயம் கடிதம் போடுவார். வக்கீலும் அதைக் கேட்டார். தங்களுக்கு அதில் உரிமை ஏதும் இல்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டது. கதைக்கு இது தேவையில்லை. கடிதத்துக்குத் தேவை.

4

இங்கே அட்டவணையிலிருந்து சில கட்டங்களை எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அண்ணன் செய்தது என்னவென்று புரியாது.

கடையில் வாங்கும் பெரும்பாலான மென்பொருள் மூடியது. காசு கொடுத்து நாம் வாங்குவது, ஓட்டிப் பார்க்கும் அனுமதியை மட்டும். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது.

திறந்தவற்றில் இரண்டு பெரிய கட்சிகள். ஒரு கட்சி தாராளம்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பெட்டிக்குள் பூட்டி விற்றாலும் சரி, எழுதியவர் பெயரை ஒரு மூலையில் வை. இன்னொரு கட்சி நிபந்தனை போடுகிறது: எடு, மாற்று, விற்கவும் செய், ஆனால் நீ அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உள்ளே எழுதியிருப்பதையும் திறந்தே கொடு. எனக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரத்தை நான் பூட்டி வைக்கக்கூடாது.

எதுவுமே எழுதாமல் விட்டால்? எல்லோருக்கும் பொது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. எழுதியவர் வாய் திறக்காதவரை யாருக்கும் அனுமதி இல்லை.

உரக்கவை எழுதிய தங்கை முதலில் தாராளக் கட்சியில் இருந்தாள். பக்கத்து மேசைத் தோழி, ‘நிபந்தனை உள்ளதைப் போடு, எவனாவது தூக்கிட்டுப் போயி வித்துடுவான்’ என்று சொல்லியிருக்கிறாள். ‘போனா போகட்டும், நாலு பேர் படிப்பாங்க இல்ல’ என்றாளாம் தங்கை.

தூக்கிக்கொண்டு போனது அண்ணன்.

(இந்த வரியை மூன்று தடவை மாற்றினேன். ‘தூக்கிக்கொண்டு போனது’ என்றால் திருட்டு போலத் தொனிக்கிறது. திருட்டு இல்லை. ‘பயன்படுத்திக்கொண்டது’ என்றாலும் ஒரு வாடை வருகிறது. ‘எடுத்துக்கொண்டது’ என்று எழுதினால் அவர் பக்கம் சாய்ந்ததாகிறது. தோழியின் சொல்லையே வைத்திருக்கிறேன்.)

அண்ணன் இன்னொரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவர். அலுவலகங்களின் வரவேற்பு மேசையில் வைக்கும் ஒரு பெட்டியை அவர்கள் தயாரித்தார்கள். படிவத்தைக் காட்டினால் பெட்டி வாய்விட்டுப் படிக்கும். அதன் வயிற்றுக்குள் இருந்தது உரக்கவின் முதல் பதிப்பு. தங்கையின் பெயரையும், நிபந்தனைப்படியே, யாரும் திறக்காத ஒரு பக்கத்தின் அடியில் போட்டிருந்தார்.

தங்கை அந்தப் பெட்டியைப் பார்த்தது ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில். அவளுடைய பழைய பதிப்பில் ஒரு குறை இருந்தது: அச்சு மங்கலாக இருந்தால் ஐந்தை மூன்று என்று படிக்கும். பெட்டி ஒருவரின் வயதை முப்பத்து மூன்று என்று வாசித்தது. அவர் ‘முப்பத்தஞ்சும்மா’ என்று வரவேற்பாளரிடம் திருத்தினார். தங்கை எழுந்துபோய்ப் பெட்டியைத் திருப்பி, நிறுவனத்தின் பெயரைப் பார்த்தாள்.

5

அண்ணனைச் சந்தித்தது அவருடைய அலுவலகத்தில், விருந்தினர் அறையில். சுவரில் குளிரூட்டியை இயக்கும் முறை பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர் அதை முழுக்கப் படித்துவிட்டார் என்பது, “இருபத்து நாலுக்குக் கீழ வைக்கக் கூடாதாம்” என்ற முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. தங்கை தன் தோழிகளிடம் இவரை ‘ரூல்ஸ்’ என்றுதான் சொல்வாளாம்.

“எடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“லைசென்ஸ்ல கேக்கணும்னு இல்லையே.”

“இல்ல. ஆனா தங்கச்சிதானே?”

“அதனாலதான் கேக்கத் தோணல. நம்ம வீட்டு அலமாரியிலேர்ந்து ஒரு தட்டு எடுக்கறோம், யாரையாவது கேப்போமா? நாள் நெருங்கிடுச்சு, அவளோடது நல்லா வேலை செஞ்சுது. லைசென்ஸை ரெண்டு தடவை படிச்சேன். சரியா இருந்துது. எடுத்தேன்.” குளிரூட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பா. அதான் எனக்கு இப்ப தாங்கல.”

“உங்ககிட்ட சண்டை போட்டாங்களா?”

“‘தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு’ன்னா. ‘சட்டப்படி நான் ஒரு தப்பும் பண்ணல’ன்னேன். ‘சட்டப்படியா? நான் உன்கிட்ட சட்டமா கேட்டேன்’ன்னு போனை வெச்சுட்டா. அடுத்த பதிப்பு வந்துது. நான்தான் எல்லா லைசென்ஸையும் படிப்பேனே. படிச்சேன்.”

“அதுக்கப்புறம் பேசிக்கவே இல்லையா?”

“பேசினோமே. பிறந்தநாள், உடம்பு சரியில்ல, வீட்டு வரி. எல்லாம் பேசினோம். உரக்கவைப் பத்தி மட்டும் அவளும் எடுக்கல, நானும் எடுக்கல.”

“அந்தப் பதிப்பை நீங்க தொடவே இல்ல?”

“எப்படிங்க தொடறது? அன்னைக்கு அவ எழுதியிருந்ததை வெச்சு எடுத்தேன். அப்புறம் அவ எழுதினதை வெச்சு விட்டுட்டேன். ரெண்டும் ஒரே நியாயம்தானே?”

இப்போது அது அவருக்கே சொந்தம் என்று சொன்னேன். நிலையத்தைப் பற்றியும், மாத்திரை மாறிய பெரியவரைப் பற்றியும் சொன்னேன்.

“தெரியும். வக்கீல் சொன்னாரு. அந்த அம்மாவும் அழாத குறையா பேசினாங்க.” அவர் குரல் இறங்கியது. “அவ என்னைப் பத்தி எழுதினது அது ஒண்ணுதாங்க. நான் பண்ணினதுக்கு அவ குடுத்த பதிலு அது. அவ இல்லாத நேரம் பாத்து நான் போயி அதை அழிச்சா, முதல்ல பண்ணினதையே திரும்பப் பண்ணினதா ஆகாது? இப்பவும் சட்டப்படி எனக்கு உரிமை இருக்கு. இப்பவும் அவளைக் கேக்கல.”

6

இந்த அண்ணன் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதையில் வரும் பாத்திரம் ஒன்று இவ்வளவு ஒழுங்காக யோசித்தால், எழுதியவன் பின்னாலிருந்து சாவி கொடுக்கிறான் என்று வாசகர் நினைப்பார். நானாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை அந்தப் பதிப்பை இறக்கி ஓட்டிப் பார்த்திருப்பேன். தங்கை ஐந்தையும் மூன்றையும் சரிசெய்துவிட்டாளா என்று பார்ப்பதற்காகவாவது.

அதைக் கேட்டேன். “சரிபண்ணிட்டேன்னு, புதுப் பதிப்போட வர்ற வெளியீட்டுக் குறிப்புல போட்டிருந்தா. படிச்சேன். குறிப்பைப் படிக்க லைசென்ஸ் வேண்டாம்” என்றார்.

7

தங்கையின் அலுவலகத்தில் அச்சுப்பொறிக்கு அடுத்த மேசையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பக்கத்து மேசையில் அதே தோழி. தேதியைச் சொன்னதும், அவள் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. அது அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

“கோவமா? சிரிச்சுக்கிட்டேதாங்க டைப் பண்ணினா. என்னையும் கூப்ட்டுக் காட்டினா. ‘ஏய், இதைப் பாரேன். உலகத்துலேயே லைசென்ஸைப் படிக்கற ஒரே ஆளு எங்க ரூல்ஸுதான். இதைப் படிச்சதும் போன் வரும் பாரு. என்னடி இது, சட்டப்படி செல்லாதுன்னு ஆரம்பிப்பான். அப்ப பிடிச்சுக்கறேன்’ன்னா.”

“போன் வரல.”

“வரல. ஒரு வாரம் போச்சு. ‘உன் ரூல்ஸ் படிக்கலையோ என்னமோ’ன்னு கேட்டேன். ‘படிக்காம இருக்க மாட்டான்’ன்னா. அப்புறம் நானும் கேக்கறதை விட்டுட்டேன். ஒவ்வொரு பதிப்பு விடும்போதும் அந்த வரியை எடுக்கலாமானு பாப்பா. ‘இருக்கட்டும், இந்தத் தடவை பண்ணுவான்’ன்னு விட்டுடுவா.”

இதை எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நீங்களே அவர்கிட்ட போயி சொல்லிடுங்க. பத்திரிகையைப் பிரிச்சு, நாலு பேரோட சேந்து அவரும் தெரிஞ்சுக்கறது நல்லா இருக்காது.”

இந்தக் கதைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நிபந்தனை அது. அதை மீறியிருந்தால் இந்தப் பகுதி இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும். இதழ் வெளிவந்த காலையில் அண்ணன் பக்கத்தைப் புரட்டுகிறார், தேநீர் ஆறுகிறது, அவருடைய கண்கள் ஒரு வரியில்—

வேண்டாம்.

8

அதே விருந்தினர் அறை. தோழி சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே சொன்னேன்.

“சிரிச்சாளா?”

“சிரிச்சாங்களாம்.”

“நான் போன் பண்ணுவேன்னு இருந்தாளா?”

“ஆமா.”

“நான் அவ மனசு நோகக் கூடாதுன்னுதாங்க பண்ணாம இருந்தேன்” என்றார். “தவிரன்னு எழுதிட்டா. தவிர்த்துட்டு நின்னேன். மரியாதைன்னு நெனச்சேன்.”

கண்ணீர் வரவில்லை. வந்ததாக ஒரு வரைவில் எழுதி எடுத்துவிட்டேன். அவர் செய்தது, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்து, திரும்ப ஒட்டப் பார்த்தது.

“அவளாவது பண்ணியிருக்கலாமே,” என்றார். உடனே, “இல்ல இல்ல. அவ பண்ணிட்டா. அதான் அந்த வரி” என்று தானே திருத்திக்கொண்டார்.

எழுந்து வாசல்வரை வந்தவர், “இது விளையாட்டுனு இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே அழிக்கலாம்தானே, என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

செய்தியாளர் செய்தியின் போக்கை மாற்றக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எனக்குப் பதில் தெரியவில்லை.

9

முடிவு பற்றி.

முதல் வரைவில் அண்ணன் அன்று மாலையே வரியை அழித்தார். நிலையத்தில் கைதட்டல். படித்துப் பார்த்தபோது, அந்த மூன்று சொற்கள் போனதோடு தங்கையும் கதையிலிருந்து போய்விட்டிருந்தாள்.

இரண்டாம் வரைவில் அவர் கடைசிவரை மறுத்தார். துக்கம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் பொறுப்பாளர் அம்மாவின் மேசையில் இன்னொரு பெரியவர் மயங்கிச் சாய்ந்தார். ஒருவருடைய துக்கத்துக்கு முகம் தெரியாத இன்னொருவர் விலை கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

மூன்றாவது நான் எழுதியது இல்லை. சில நாட்கள் கழித்து அண்ணன் வக்கீலைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்.

“ஒரே சாஃப்ட்வேருக்கு ரெண்டு லைசென்ஸ் குடுக்கலாமா?”

“தாராளமா. சொந்தக்காரர் எத்தனை வேணும்னாலும் குடுக்கலாம். எடுக்கறவங்க தங்களுக்கு எது தோதோ அதை எடுத்துப்பாங்க.”

“அப்ப அவ எழுதினது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல இன்னொண்ணு வெக்கறேன்.”

“எந்த வகை?”

“நிபந்தனை உள்ளது. எடுத்து மாத்தறவங்க அடுத்தவங்களுக்குக் குடுத்தா, அதையும் திறந்தே குடுக்கணும். அவ குடுத்தது அவ இஷ்டம். நான் குடுக்கறதை வெச்சு, என்னை மாதிரி எவனும் பெட்டிக்குள்ள பூட்டிடக் கூடாது.”

முதல் பதிப்புக்கு இது பொருந்தாது என்பதை வக்கீல் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பதிப்போடு வெளியே போன உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அந்தப் பெட்டிகள் இன்னமும் வரவேற்பு மேசைகளில் ஐந்தை மூன்று என்று படித்துக்கொண்டிருக்கின்றன, எந்தச் சட்டத்தையும் மீறாமல்.

இதற்குமேல் அண்ணன் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. தங்கையின் கடைசிப் பதிப்பை அவர் தன் கணினியில் இறக்கினாரா, எதைக் காட்டிப் படிக்கச் சொன்னார், இல்லை இன்னும் வெளியீட்டுக் குறிப்பை மட்டும்தான் படிக்கிறாரா என்பதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நான் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

ஆசிரியர் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார். நிலையம் இரண்டாவது உரிமத்தை எடுத்துக்கொண்டது. முதலாவதை இதுவரை யாரும் எடுக்கவில்லை.